படிக்கட்டில் கேட்ட மன்னிப்பு

நேற்றுப் பின்னேரம் எங்கள் ஒழுங்கைக்குள் ரொட்டி வகைகள் விற்கிற பாண் ஓட்டோ வந்தது. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு அந்த ஓட்டோவின் பாட்டுச் சத்தம் நன்றாகத் தெரியும். நான்காம் மாடியில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும். நான் ஒரு இறாத்தல் பாண் வாங்கத்தான் இறங்கிப் போனேன். ஓட்டோக்காரன் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் மாலு பாண் வாசம் முகத்தில் அடித்தது. மீனும் உருளைக்கிழங்கும் மிளகும் உள்ளே வைத்த, முக்கோண வடிவத்துப் பணிஸ். கேட்காமலே வாயிலிருந்து "தெகக்" என்று வந்துவிட்டது. சிங்களத்தில் இரண்டு. வீட்டில் நான் ஒருவன்தான் அதைச் சாப்பிடுவேன். வைத்தியர் அதையும் சாப்பிடக்கூடாது என்கிறார், அது வேறு கதை.

அந்த இரண்டு என்ற கணக்கு அன்ரனுடையது. கொட்டாஞ்சேனைப் பேக்கரி ஒன்றில் ஒவ்வொரு காலையும் இரண்டு மாலு பாண் வாங்கி, பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவான். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. பல வருடங்களுக்கு முன் புறக்கோட்டையில் ஒரு கிளியரிங் கந்தோரில் இருவரும் வேலை செய்தோம். கப்பலில் வரும் சாமான்களுக்குக் கடதாசி வேலை பார்த்து, துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கும் கந்தோர். நான் மேசையிலிருந்து படிவம் நிரப்புவேன். அன்ரன் வாஃப் கிளார்க். அந்தப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடுகிறவன். கீழே செத்தல் மிளகாய்க் கடை. மூட்டை இறக்கும் நாளில் மேலே நாங்கள் எல்லோரும் தும்மிக்கொண்டே வேலை செய்வோம். அன்ரன் தும்மலோடுதான் படியேறி வருவான்.

கந்தோரில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். என் யாழ்ப்பாணத் தமிழை வைத்து அவன் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. "என்னா மச்சான், 'வந்தனான்', 'போனனான்'னு நானான் நானான்னுக்கிட்டு! ஆமான்னு சொல்லு பாப்போம், ஒருக்கா." நான் "ஓம்" என்பேன். அவன் சிரிப்பான். சிங்களம் நிறைந்த அந்த அறையில் எங்களுக்கென்று தமிழால் ஆன ஒரு சின்ன அறை இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு முதலாளி என்னை எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளன் ஆக்கினார். எனக்குக் கீழே நான்கு பேர். அன்ரன், மூத்தவரான நிமல் அய்யே, சந்திமா, ரிஸ்வான். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன்; நிமல் அய்யேதான் எனக்கு வேலை பழக்கியவர். நான் அவருக்கு மேலே போனபிறகும் என்னைத் தம்பி என்ற பொருளில் "மல்லி" என்றே கூப்பிட்டார், எனக்கும் அது பிடித்திருந்தது. நான் உடனே பம்பலப்பிட்டியில் ஆறு சனிக்கிழமை முகாமைத்துவ வகுப்புக்குப் போனேன். சேர்ட்டிபிக்கற்றைச் சட்டம் போட்டு மேசையில் வைத்தேன். இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

ஒரு நாள் நிமல் அய்யே தேநீர் குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். அன்ரன் பத்து மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் வருகிறான், தமிழன் என்பதால் நான் கேட்பதில்லை என்று சந்திமா குறைப்படுகிறாளாம். "நான் அப்படி நினைக்கவில்லை மல்லி, உன் காதில் போட்டு வைக்கிறேன்" என்றார். துறைமுகத்தில் வேலை நடப்பது தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்து நாலு பேரோடு கதைத்துத்தான் என்பது எனக்குத் தெரியும். அதை அப்போதே சந்திமாவிடம் விளக்கியிருக்கலாம். செய்யவில்லை. பக்கச்சார்பு என்ற சொல் மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை ஒரு கொண்டெய்னர் வெளியே வரவில்லை. அன்ரன் காலையில் போனவன், துறைமுகக் கேற் மூடும்வரை ஆளைக் காணவில்லை. சாமானுக்குரியவர் முதலாளியைப் பிடித்தார், முதலாளி என்னைப் பிடித்தார். நாலரை மணிக்கு அன்ரன் சேர்ட் முழுக்க வியர்வையில் நனைந்து படியேறி வந்தான். எல்லோரும் தலையை நிமிர்த்தினார்கள். அவன் நேரே என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "மச்சான், ஒரு நிமிசம் வெளிய வா" என்றான்.

அந்தத் தமிழைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது. சந்திமா பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதலாளியின் கதவு திறந்திருக்கிறது. நான் எழும்பி நின்று, எல்லோருக்கும் விளங்கச் சிங்களத்தில் சொன்னேன். "மெத்தன தெமலென் கதா கரன்ன எப்பா. மேக்க ஒயாகே கெதர நெவெய்." இங்கே தமிழில் கதைக்க வேண்டாம், இது உன் வீடல்ல. அதற்குப் பிறகும் நிறையச் சொன்னேன். பொறுப்பில்லை என்றேன், ஊர் சுற்றுகிறாய் என்றேன். தமிழன் ஒருவன் இன்னொரு தமிழனுக்கு அதைச் சொல்லக் கேட்டு, சிங்களவரான நிமல் அய்யேதான் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்ரன் "ஹரி, சேர்" என்றான். சரி, சேர். தன் மேசைக்குப் போனான்.

மறுநாள் பேப்பர்ப் பொட்டலம் வரவில்லை. எது கேட்டாலும் சிங்களத்தில், மரியாதையாகப் பதில் சொன்னான். நானும் கம்பீரமாக இருந்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நிமல் அய்யே ஒரு படிவக் கோவையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். அந்தக் கொண்டெய்னர் படிவத்தின் கார்பன் பிரதி. மூன்று வரவேண்டிய இடத்தில் எட்டு. என் கையெழுத்து. இலக்கம் பிழை என்று கேற்றில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதைத் திருத்திக் கையொப்பம் வாங்க அன்ரன் அன்று முழுக்கக் கப்பல் கந்தோருக்கும் துறைமுகத்துக்குமாக வெயிலில் ஓடியிருக்கிறான். அதை எல்லோருக்கும் முன்னால் சொன்னால் புதுப் பொறுப்பாளனின் பெயர் கெட்டுவிடும் என்றுதான் என்னை வெளியே கூப்பிட்டிருக்கிறான்.

அன்று பின்னேரம் படிக்கட்டில் அவனைப் பிடித்தேன். சுற்றிலும் யாருமில்லை. "மச்சான், பிழை என்ர. என்னை மன்னிச்சுக்கொள்ளு" என்றேன்.

மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் தமிழில் வாய் திறந்தான். "ஏசுனப்போ எல்லாருக்கும் வெளங்குற மாதிரி ஏசுனீங்க. இத மட்டும் ஏன் சேர், படிக்கட்டுல வச்சித் தமிழ்ல சொல்றீங்க?"

"நாளைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லுறன், அன்ரன். சிங்களத்திலயே சொல்லுறன்."

அவன் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான். நம்பினான் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் முதலாளி அறைக்குள் இருந்தார். அதற்கு மறுநாள் சந்திமா லீவு, எல்லோரும் இருக்கும்போது சொல்வதுதானே முறை என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். அதற்கடுத்த நாளுக்கும் ஏதோ ஒன்று இருந்தது. உண்மையில் எனக்குப் பயம். பொறுப்பாளன் ஆகி ஆறு மாதமாகவில்லை, அதற்குள் என் பிழை என்று வாயால் சொல்வதா? வகுப்பில் படித்த பக்கம் பக்கமான குறிப்புகளில் இதற்கு ஒரு வரியும் இருக்கவில்லை. அவன் ஒருநாளும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் நான் எழும்பி நிற்கும்போதெல்லாம் அவன் எழுதுவதை நிறுத்துவான். நான் தண்ணீர் குடிக்கப் போவேன். அவன் மறுபடியும் எழுதுவான்.

சில மாதத்தில் அன்ரனுக்கு இத்தாலிக்கு விசா கிடைத்தது. கடைசி நாள் ஐந்து மாலு பாண் கொண்டுவந்து எல்லோர் மேசையிலும் ஒவ்வொன்று வைத்தான். என் மேசையிலும் வைத்தான். "கிஹில்லா என்னம், சேர்" என்றான். போய் வருகிறேன் என்பதற்குச் சிங்களம். நான் கையைப் பிடித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம், எல்லோரும் இருந்தார்கள்.

இப்போது அந்தக் கட்டடத்தில் போன் கவர் விற்கிறார்கள். படிக்கட்டை இடித்துவிட்டார்கள். படிவமெல்லாம் கணினியில் போவதால், வெயிலில் கடதாசி தூக்கிக்கொண்டு ஓட ஆள் தேவையில்லை. முதலாளி காலமாகிவிட்டார். சந்திமா பிள்ளையோடு மெல்பேர்ணில். ரிஸ்வான் எங்கே என்று தெரியாது. போன வருடம் தெமட்டகொடையில் நிமல் அய்யேயின் செத்தவீட்டுக்குப் போனேன். அங்கே அவர் மகன்தான் அன்ரனின் இத்தாலி நம்பரைத் தந்தான்.

நம்பர் என் போனில் இருக்கிறது. எடுத்தால் "சொல்லுங்க சேர்" என்று தமிழிலேயே கதைப்பானோ என்னவோ. வேண்டிய சிங்களமும் எனக்கு மனப்பாடம். இத்தனை வருடமாகக் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்த வசனம் அது. ஆனால் அவன் கேட்டது மேசைகளிலிருந்து தலை நிமிர்த்திப் பார்த்த அத்தனை பேருக்கும் முன்னால் சொல்வதை. அவர்களை நான் இனி எங்கே போய்க் கூட்டுவது?

இரண்டாவது மாலு பாண் இன்னும் மேசையில் கிடக்கிறது.