அகலம் குறைந்த விடை

எனக்கு எதிர் மேசையில் இருந்தவள் என்னைவிட இரண்டு வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள். அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை.

திருப்பதியில் கணித மென்பொருள் எழுதும் சின்ன நிறுவனம் எங்களுடையது. சில எண்களைக் கணினியால் முழுசாக வைத்துக்கொள்ள முடியாது. கடைசியில் எங்காவது வெட்டியாக வேண்டும். அதனால் ஒரே விடை சொல்லாமல், இதற்குக் கீழே போகாது, இதற்கு மேலே போகாது என்று இரண்டு எல்லைகளைத் தருவோம். உண்மையான விடை இரண்டுக்கும் நடுவில் இருந்தே தீர வேண்டும். இடைவெளி குறுகக் குறுக மதிப்பு. ஒரே கணக்கை எங்கள் இருவரிடமும் கொடுத்திருந்தார்கள். ஒருவருடைய நிரல்தான் மென்பொருளில் சேரும்.

அவளுடைய இடைவெளி நூல் மாதிரி வந்தது. என்னுடையது திருமலை அடிவாரத்து அலிபிரி சாலை மாதிரி அகலம். தசம இலக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். கணினி திணறியதுதான் மிச்சம்.

எங்கேயோ ஏமாற்றுகிறாள் என்று அவள் நிரலை வரிவரியாகத் துருவினேன். கிடைத்துவிட்டது! கீழ் எல்லையைத் திரையில் காட்டும்போது கீழ்நோக்கி வெட்டாமல், கிட்டத்தில் இருக்கும் எண்ணுக்குத் தள்ளியிருந்தாள். சில நேரம் எல்லை மேலே ஏறி, உண்மையான விடை வெளியே விழுந்துவிடும். அன்று மத்தியானச் சாப்பாடு தனி ருசியாக இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன். அவள் முகம் சுருங்கியது.

"ஆமாக்கா, நான் கவனிக்கல" என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஒரே வரியில் சரிசெய்துவிட்டாள். கடைசி இலக்கம் ஒன்று மாறியது, அவ்வளவுதான்.

"பர்வாலேது, பரவால்ல, இனி தைரியமா சேத்துடலாம்" என்றார் மேலாளர். அவளுடையதைத்தான்.

நாங்கள் வீடு திரும்பும் புத்தூர் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே? உன் சூத்திரத்துல ஒரே எக்ஸ் ரெண்டு தாட்டி வருது. கம்ப்யூட்டரு ரெண்டையும் வேற வேறன்னு நெனச்சிக்கினு அகலமாக்கிடுது. ஒரு தாட்டி மட்டும் வர்ற மாதிரி மாத்தி எழுது, சுருங்கிடும்."

"எப்ப பாத்த?"

"போன வாரமே. எல்லாரும் இருக்கசொல்ல உன்கிட்ட சொல்ல மனசு வரல. நீயும் என்னை உட்டுட்டு வேற பஸ்ல போய்க்கினு இருந்த."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கணக்கும் வருகிறது, குணமும் இருக்கிறது. எனக்கென்று எதையாவது விட்டுவைக்கக் கூடாதா இவள்?