தோள் பதினேழரை

கடைக்குள் யார் நுழைந்தாலும் அண்ணி முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். பார்வை தோளில் விழும், இடுப்புக்கு இறங்கும், திரும்பித் தோளுக்கே வரும். பிறகு உதட்டில் கவ்விய குண்டூசிகளின் இடுக்கில் ஓர் எண் கசியும். "பதினாலே கால்." அதற்கப்புறம்தான் "வாங்க."

பதினாறு வருஷத் தையல் பழக்கம். அதைத்தான் அரசு ஆய்வாளர் வந்துபோகும்வரை மறைக்க வேண்டியிருந்தது.

ஓவர்லாக் மெஷின் கொடுக்கும் அரசுத் திட்டம் வந்திருந்தது. துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் அந்த மெஷின் எங்கள் மலையில் ஒன்றுகூட இல்லை. தைத்ததையெல்லாம் மூட்டை கட்டி டவுனுக்கு பஸ்ஸில் அனுப்ப வேண்டும். திரும்பி வர மூன்று நாள். "இந்தத் தடவையும் லேட்டானா யூனிஃபார்மை டவுன்லயே குடுத்துடுவோம்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அண்ணியின் வேலையில் பாதி அந்த யூனிஃபார்ம்தான்.

விண்ணப்பத்தைப் போனில் நிரப்பியவன் நான். முதல் கேள்விக்கு 'புதிய தொழில்' என்று ஒரு கட்டம். திரையில் வேறெதுவும் தெரியவில்லை; புதுக் கடைக்குத்தான் மெஷின் என்று நினைத்துக்கொண்டேன்.

"புதுசுன்னே போட்டுடு தம்பி. கடைக்கு வயசு நெத்தியிலயா எழுதியிருக்கு?" என்றார் அண்ணி.

போர்டு கழன்றது. அளவு நோட்டுகள் பதினொன்றும் கட்டிலுக்கு அடியில் போயின. ஆய்வுக்கு என்றைக்கு வருவார்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் அண்ணி எழுந்தார், உட்கார்ந்தார், கத்தரிக்கோலை இடம் மாற்றி வைத்தார்.

"பாபின் மாதிரி சுத்தாம ஒரு இடத்துல உக்காரேன்" என்றான் அண்ணன்.

"நீங்க வாயைத் தைச்சுக்கிறீங்களா, நானே தைக்கட்டுமா?"

ஒன்பதாம் நாள் ஆய்வாளர் தலை குனிந்து வாசலில் நுழைந்தார்.

"பதினேழரை" என்றார் அண்ணி.

அவர் நின்றார். "என் தோள் அளவா அது? என் டெய்லர் டேப் வச்சாத்தாம்மா சொல்லுவாரு." சிரித்துக்கொண்டே ஃபைலைப் புரட்டினார். சிரிப்பு நின்றது. "கடை ஆரம்பிச்சு ரெண்டு மாசம்னு போட்டிருக்கு?"

"அளவு சும்மா ஒரு குத்துமதிப்பாச் சொன்னதுதான் சார்…" என்றார் அண்ணி.

உதட்டுக் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு மெத்தையில் குத்தினார். ஒன்று விரலில் ஏறியது. கவனிக்கவில்லை.

"அனுபவக் கண்ணும்மா உங்களுக்கு. அதான் பிரச்சினை" என்று பேனாவை மூடினார் அவர்.

'புதிய தொழில் அல்ல; விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. யூனிஃபார்ம் வேலையைப் பள்ளிக்கூடம் டவுனுக்கே கொடுத்துவிட்டது. அண்ணி போர்டைத் திரும்ப மாட்டினார், கொஞ்சம் கோணலாக.

கடைசித் தேதி முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. நான் தொட்ட கட்டத்துக்குக் கீழே, திரையை ஒரு விரல் தள்ளியிருந்தால் தெரிந்திருக்கும் இடத்தில், இன்னொரு கட்டம் இருந்தது: 'ஏற்கெனவே நடந்துவரும் தொழில்'. அதே மெஷின். பத்து வருஷம் தாண்டிய கடைகளுக்கு முன்னுரிமை.