மைக்கில் கேட்ட ஐஸ்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு மைக்கக்கா என்றுதான் பெயர். வண்டி எண், நடைமேடை, வழியிலுள்ள ஊர்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் அறிவித்துவிடுவாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கோடையில் மூன்றாவது ஊரிலேயே மூச்சு தீர்ந்துபோகத் தொடங்கியது. அவள் காற்றை இழுப்பதற்குள் அறிவிப்பு முடிந்துவிட்டதென்று நினைத்து, நான்காவது ஊர்க்காரர்கள் உட்கார்ந்தே இருந்துவிடுவார்கள். வண்டி போனபின் அவளுடைய அறை ஜன்னலில் வந்து சத்தம் போடுவார்கள்.

மேலாளர் வந்தார். "அடுத்த மாசம் அறிவிப்புக் குரலைப் பதிவு பண்றோம். இப்படித் திணறினா வேற ஆளைத்தாம்மா பாக்கணும்."

மைக்கை மாற்றிப் பார்த்தாள், வெந்நீர் குடித்துப் பார்த்தாள். போதாததற்கு ஐஸ் பைத்தியம் வேறு பிடித்திருந்தது. ஜூஸ் கடையில் டம்ளர் டம்ளராக வாங்கி மென்றாள். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துவிட, நிலையம் முழுக்கக் கறுக்முறுக்!

டைம்கீப்பர் எட்டிப் பார்த்தார். "அக்கா, கியர் பாக்ஸ் உடையுதுன்னு டிரைவர் இறங்கி ஓடிட்டாரு!"

தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "தொண்டை நல்லாத்தாம்மா இருக்கு."

"அப்ப ஐஸ் கெடுக்கலையா? சோத்தைவிட அதைத்தான் ஜாஸ்தி திங்கறேன்."

டாக்டர் விளக்கை வைத்துவிட்டு அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பே இல்லை. "மாடி ஏறினா மூச்சு வாங்குதா? மாசாமாசம் ரத்தம் நிறையப் போகுதா?"

"போகும். எங்க வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தான்."

பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்தது. குறைந்தது பன்னிரண்டு வேண்டுமாம்.

"ஐஸ் தின்னு ரத்தம் குறையலம்மா. இரும்புச்சத்து குறைஞ்சதாலதான் ஐஸ் கேக்குது. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. இரும்பு மாத்திரை தர்றேன், டீயோட போடாதீங்க, சத்து உடம்புல ஒட்டாது. பெண்கள் டாக்டரையும் பாருங்க, ரத்தப்போக்கைக் குறைக்கணும். முதல்ல ஐஸ் ஆசை போகும். மூச்சு சரியாக இன்னும் நாளாகும்."

நிஜந்தானா, பார்த்துவிடலாமே என்று தோன்றியது அவளுக்கு. தினமும் ஒரு டம்ளர் ஐஸை மைக் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேவு பார்த்தாள். முதலில் கை தானாகப் போனது. பிறகு ஒரு மதியம், அறிவிப்புகளை முடித்துவிட்டுத் திரும்பினால் டம்ளரில் வெறும் தண்ணீர். எப்போது கரைந்தது?

நேரே மேலாளரிடம் போனாள். "சார், ஐஸ் கரைஞ்சிடுச்சு. பதிவைக் கொஞ்சம் தள்ளி வையுங்க."

"ஐஸுக்கும் பதிவுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உக்காருங்க சார், சொல்றேன்."

அவர் இரண்டு மாதம் தள்ளி வைத்தார்.

பதிவன்று இருப்பதிலேயே நீளமான வழித்தடத்தைக் கொடுத்தார்கள். மூன்றாவது ஊர் போனது, நான்காவதும் போனது. கடைசி ஊரையும் சொல்லி முடித்தபோது மூச்சு மிச்சமிருந்தது. மைக்கை அணைத்துவிட்டு, அந்த மிச்ச மூச்சிலேயே டைம்கீப்பரைக் கேட்டாள்:

"கியர் பாக்ஸ் எப்படி இருக்கு?"