சிவக்கொழுந்தம்மாவின் ஆமைப்பூட்டு

குடியிருக்க வீடு தந்தவரைக் குறை சொல்லக்கூடாதாம். நான் சொல்லுவேன். ஐந்து வருடம் அந்த மனுசியிடம் வாங்கிக் கட்டியவள் நான்.

1990 இல் கடலோரக் குருநகரில் ஷெல்லடி தாங்காமல் நானும் என் கணவர் யாகோப்பும் இரண்டு பெண்பிள்ளைகளோடு நல்லூருக்கு ஓடிவந்தோம். கடற்கரைச் சனம் என்றதும் படலையிலேயே திருப்பி அனுப்பிய வீடுகள் உண்டு. சிவக்கொழுந்தம்மா மட்டும் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மீன் சமைக்கிறதெண்டால் பின்பக்கக் கொட்டிலிலை சமையுங்கோ. சுவரிலை ஆணி அடிக்கக் கூடாது. கிணத்தடியிலை சவர்க்காரத் தண்ணி தேங்கக் கூடாது. விளங்கிச்சோ?" என்றார். விளங்காமல் என்ன!

அவர் விதவை. இரண்டு ஒழுங்கை தள்ளித் தங்கையோடு இருந்தார். இது கனடாவுக்குப் போன மகளின் சீதன வீடு. வெள்ளிக்கிழமை கோயில் முடிந்ததும் நெற்றித் திருநீறு காயமுன் இங்கே வந்து நிற்பார். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். "மாரி வந்தாப் பிறகு ஓடு மாத்த ஏலுமே? வெய்யிலுக்கை பாக்கவேணும்" என்று யாகோப்பைக் கூரையில் ஏற்றுவார். கதவுப் பிணைச்சல்களுக்குத் தேங்காயெண்ணெய் விடுவார். எங்கள் பெட்டிகளை நகர்த்தச் சொல்லிச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அந்த வீடு ஒருநாளும் ஒழுகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக நடு அறைக்கு முன்னால் வருவார். எங்கள் ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டாலும் ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொள்வார்கள். தங்கள் சாமான் உள்ளே கிடந்தால்தான் வீடு கைவிட்டுப் போகாது என்று ஒரு நினைப்பு. மகளின் கட்டிலும் அலுமாரியும் அதற்குள் இருந்தன. வீட்டில் அந்த அறை ஒன்றுக்குத்தான் மேலே கொங்கிறீற், மற்றதெல்லாம் ஓடு. கதவில் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆமைப்பூட்டு தொங்கியது. அதைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். பூட்டுப் பூட்டாகவே இருக்கும். நிம்மதியாகப் போய்விடுவார். ஐந்து வருடத்தில் ஒருதரமும் அதைத் திறக்கவில்லை. குடியிருக்கிறவர்கள் கண்ணுக்கு முன்னால் திறந்தால் அவர்களுக்கு ஆசை வந்துவிடுமாம்.

1995 ஒக்ரோபர் மழைக்கு, குண்டுக்குப் பதுங்க முற்றத்தில் யாகோப்பு வெட்டிய பங்கருக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. மூத்தவள் றோஸுக்கு முட்டு வருத்தம். ஈரம் பட்டால் மூச்சு இழுக்கும். குண்டு போடுகிற பொம்பர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை விறாந்தை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு மாதாவைக் கூப்பிடுவேன். மேலே வெறும் ஓடு. வேறு என்ன செய்ய?

அந்த வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டேன். "அம்மா, அந்த அறையைத் திறந்து விடுங்கோ. பிள்ளையளை மட்டும் இருத்திறன். சாமானிலை கை வைக்க மாட்டம்."

"இண்டைக்கு அறை எண்டுவியள், நாளைக்கு வீடு எண்டுவியள். என்ரை தமையன்ரை வீட்டிலை இருந்தவை இன்னும் வீட்டை விட்டு எழும்பேல்லை. பங்கர்த் தண்ணியை இறையுங்கோ."

எனக்கு வந்ததே கோபம்! "உங்கடை மேளின்ரை கட்டில் என்ரை பிள்ளையளை விடப் பெரிசோ?" என்று கத்தினேன். யாகோப்பு என் கையைப் பிடித்து இழுத்தார். மனுசி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளியும் வந்தார். இறைத்த பங்கரை மழை திரும்ப நிறைத்திருந்தது. யாகோப்பை ஏணியில் ஏற்றிப் பீலியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது வானம் இரைந்தது.

"தம்பி, இறங்கு! கெதியா இறங்கு!"

முதல் குண்டு ஒழுங்கை முனையில் விழுந்தது. ஓடுகள் கலகலத்து இரண்டு மூன்று எங்கள் காலடியில் சிதறின. பொம்பர் வட்டமடித்துத் திரும்பும் சத்தம் கேட்டது. றோஸ் மூச்சு எடுக்க முடியாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவக்கொழுந்தம்மா இடுப்பில் செருகியிருந்த பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு நடு அறைக்கு ஓடினார். நான் கேட்கவில்லை. அவராகவே ஓடினார்.

திறப்பு உள்ளே போனது. திரும்பவில்லை.

"திரும்புதில்லை... முருகா, திரும்புதில்லையே!"

நான் பறித்துத் திருகினேன். உள்ளே துருப்பிடித்து ஒரே கறள். இரைச்சல் தலைக்கு மேலே வந்துவிட்டது. என் பிள்ளைகள் இந்தக் கதவடியிலேயே சாகப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"உடையடா தம்பி! அலவாங்கை எடு! கதவை உடை!"

ஒரு ஆணிக்கு எங்களை ஒரு கிழமை ஏசிய மனுசி! யாகோப்பு இரும்பு அலவாங்கைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்ப, நிலையோடு பிய்ந்து கதவு உள்ளே விழுந்தது. எல்லோரும் அதன் மேல் விழுந்தோம். அவர் பிள்ளைகளை மகளின் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுத் தானும் குறுக்கே படுத்தார். அப்போது வீடு குலுங்கியது.

வெளியே வந்தபோது விறாந்தைக்குக் கூரை இல்லை. பிள்ளைகள் ஒளிக்கிற மேசை கூரை வளைமரத்துக்குக் கீழே நொறுங்கிக் கிடந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"எல்லாத்துக்கும் எண்ணெய் விட்டனான், பிள்ளை. உந்தப் பூட்டுக்கு மட்டும் விடேல்லை" என்று அழுதார். நான் கிட்டப் போய் இருந்தேன்.

அந்த மாதம் முடியமுன், ஆமி நெருங்குகிறது என்று ஊரே தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. கொட்டும் மழையில் நாங்கள் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் குடையோடு வந்தார். இந்த நேரத்திலும் வீடு பார்க்க வந்துவிட்டாரே என்று நினைத்தேன். பார்க்கத்தான் வந்தார். மிஞ்சிய பீலியில் சருகை எடுத்தார். மழை அடிக்கிற பக்கத்து யன்னலைச் சாத்தினார்.

நான் முன்கதவில் பூட்டைக் கொழுவினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூட்டாதை, பிள்ளை. பின்னாலை வாற சனம் ஆரும் ஓடி ஒதுங்க வந்தால்? அதுகளுக்கு உடைக்க நேரம் இருக்குமோ தெரியாது."

பூட்டை வாங்கி மடியில் கட்டினார். பிறகு, காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லைத் தூக்கி வந்து முண்டு கொடுத்துவிட்டுக் குடையை விரித்தார்.