உப்புக் கோடு

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் அண்ணி என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்குவார். தன் பார்லர் கடையில் உள்ள சுழல் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, தோளில் வெள்ளைத் துண்டைப் போட்டு, உச்சியில் சீப்பால் வகிடு கிழித்து, நீளமான ஒன்றாகத் தேடி எடுப்பார். "பாப்பா, மூச்ச விடு" என்பார். நான் விடுவதற்குள் பிடுங்கிவிடுவார். அந்த முடிதான் அடுத்த வருடம் முழுக்க அவருடைய கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் தொங்கி, மரக்காணத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் சென்னைக்கு வெளியே ஒரு மருந்துக் கம்பெனியில் ஈரப்பதமானிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். என் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு மானிக்கும் ஒரு எண் உண்டு, சான்றிதழ் உண்டு, அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்ற சீட்டும் உண்டு. எண்ணும் சான்றிதழும் இல்லாத ஒரே மானி அண்ணியின் கடையில் இருப்பதுதான். அதைப் பற்றி இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை.

முதலில் என் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடர்த்தி, சுருட்டை, சொரசொரப்பு மூன்றும் சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த பெயர்கள்: தேன்கூடு, ஸ்பிரிங், தேங்காய் நார். அம்மா செய்த வைத்தியங்கள்: எண்ணெயில் ஊறவைப்பது, ஈரத்தோடு இறுக்கிப் பின்னுவது, ரிப்பனை நெற்றியோடு சேர்த்துக் கட்டுவது. எதுவும் மத்தியானச் சாப்பாட்டு மணியைத் தாண்டி நிற்காது. அப்பா உப்பளத்தில் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு வாருகிறவர். சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வரும்போது அவரோடு வேலை செய்கிறவர்கள் என் தலையைப் பார்த்துவிட்டு, "டேய், பாப்பா முடி எழும்பிடுச்சு, குமிய மூடுங்கடா" என்று சிரிப்பார்கள். உப்புக் குவியலின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போடுவதும் அதே நேரத்தில்தான் நடக்கும் என்பதால் அது வெறும் கிண்டலா, நிஜமா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அண்ணி சென்னை பெரம்பூர்க்காரர். கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு பார்லரில் முடியை நேராக்குவதுதான் அவருடைய வேலை. உப்பு மூட்டை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிற என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்த முதல் நாளே என் தலையைக் கையால் அளைந்து பார்த்து, "இது முடி இல்ல பாப்பா, சொத்து" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவர் கண்ணில் இருந்தது, நல்ல மரத்தைப் பார்க்கும் தச்சரின் கண்ணில் இருப்பது போன்ற ஒன்று. வந்த சில மாதங்களில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை வாடகைக்குப் பிடித்து, நாற்காலி ஒன்று, கண்ணாடி ஒன்று, சென்னையிலிருந்து கொண்டுவந்த முடி நேராக்கும் மெஷின் ஒன்று என்று கடையைத் திறந்துவிட்டார்.

அவருக்குக் கிடைத்த முதல் மணப்பெண் எங்கள் மாதா கோயில் பங்கிலேயே ஒருத்தி. ஈஸ்டர் முடிந்த கல்யாண சீசன், சாயங்காலப் பூசை. மதியத்துக்கு மேல் அண்ணி அவள் முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து மெஷினில் இழுத்து நேராக்கினார். முடித்தபோது அது இடுப்பு வரை பட்டுத்துணி மாதிரி விழுந்தது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். பிறகு அந்தப் பெண் கோயிலுக்கு நடந்தாள். எங்கள் ஊரில் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. கடல்காற்று முகத்தில் அடிக்க அடிக்க அந்த முடி அசைந்து, பிரிந்து, எழும்பி, பீடத்துக்கு முன்னால் போய் நின்றபோது கிரீடத்தோடு போட்டிருந்த முக்காட்டு வலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்வரிசையில் பாடகர் குழு அக்கா ஒருவர் சொன்னது எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது: "கிரீடம் தல மேல நிக்கலடி, முடி மேல நிக்குது. மெட்ராஸ் மேக்கப்பு மாதா கோயில் படி ஏறல பாரு."

அதற்குப் பிறகு கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. புருவம் திருத்த வருகிற ஒன்றிரண்டு கல்லூரிப் பெண்கள்தான் மிச்சம். அண்ணனுக்கும் பொறுமை போய்விட்டது. "ஈ ஓட்டுறதுக்கு ஒரு ரூம்பா? ஆரோவில் பக்கம் எவ்வளவோ பேரு வேலைக்குப் போறாங்க, நீயும் போயேன்" என்றான். மாதக் கடைசியில் அறையைக் காலி செய்வதாகச் சொந்தக்காரரிடம் அண்ணன் சொல்லிவிட்டு வந்த பிறகும் அண்ணி அழவில்லை. தினமும் காலையில் போய்க் கடையைப் பெருக்கி, மெஷினைத் துடைத்து வைத்தார். என்னிடம் மட்டும் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "அதே மெஷின், அதே கை. பெரம்பூர்ல மூணு நாள் நின்னுது. இங்க மூணு மணி நேரம் நிக்கல. ஏன் பாப்பா?"

நான் அப்போது பாலிடெக்னிக்கில் கருவியியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமோ அடுத்த வாரமோ வகுப்பில் ஈரப்பதமானி பற்றிய பாடம் வந்தது. மனித முடி ஈரக் காற்றில் கொஞ்சம் நீளும், வறண்ட காற்றில் சுருங்கும், அதை வைத்தே பழைய காலத்து மானிகளைச் செய்தார்கள் என்று ஆசிரியர் பலகையில் படம் போட்டார். வகுப்பு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவள், "சார், இன்ஸ்ட்ருமென்ட்டே நம்ம கிளாஸ்லதான் உக்காந்திருக்குது" என்றாள். ஆசிரியரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் பேருந்தில் ஊர் திரும்பும் வழியெல்லாம் எனக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. பெரம்பூர் பார்லரில் ஏசி உண்டு, ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இங்கே ஏசி இல்லை. காலையில் தரைப்பக்கமிருந்து வருகிற மேல்காற்று வறண்டது. மதியத்துக்கு மேல் வருவது கடல்காற்று. மெஷினின் சூட்டில் முடிக்குள் அவிழும் பிணைப்புகள் ஆறும்போது நேராகக் கட்டிக்கொள்கின்றன. ஈரம் உள்ளே புகுந்தால் அவை மறுபடியும் அவிழ்ந்து பழைய சுருளுக்கே போய்விடும். அண்ணியின் கையில் தவறு இல்லை. அவர் வேலை செய்த நேரத்துக் காற்றில்தான் இருந்தது.

இதைச் சொன்னதும் அண்ணி கேட்டது ஒன்றுதான்: "அப்போ அந்தக் காத்த எப்படிப் பாக்குறது?"

அன்றைக்கே செய்தோம். தலையை ஷாம்பு போட்டு அலசி, எண்ணெய்ப் பிசுக்கு போன முடி ஒன்றை அண்ணி பிடுங்கினார். அதன் ஒரு நுனியை அட்டையின் மேல்புறம் குத்திய ஊசியில் கட்டினேன். கீழ்ப்பக்கம் தளர்வாகச் செருகிய இன்னொரு ஊசியை முடியால் ஒரு சுற்றுச் சுற்றி, மறு நுனியில் ஒரு சின்ன இரும்பு நட்டைத் தொங்கவிட்டேன். கீழ் ஊசியின் தலையில் துடைப்பப் புல் ஒன்றை முள்ளாக ஒட்டினேன். முடி நீண்டால் நட்டு இறங்கும், ஊசி திரும்பும், முள் மேலே போகும். என் தலையில் இருந்தவரைக்கும் ஒரு நாளும் நேராக நிற்காத முடி, நட்டைக் கட்டியதும் விறைப்பாக நின்றதைப் பார்த்து எனக்கே வேடிக்கையாக இருந்தது. அட்டைக்கு நான் பழைய நோட்டு அட்டையைத்தான் எடுத்தேன். அண்ணி அதை வாங்கி வைத்துவிட்டு, அந்த முதல் மணப்பெண்ணின் தடிமனான கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். "இதுல செய். தெனமும் என் கண்ணுல படட்டும்" என்றார்.

முள் இருந்தால் போதாது, கோடு வேண்டும். ஈரத்துணியால் சுற்றி வைத்து மேல் எல்லையைக் குறித்தேன். அடுத்ததற்கு அப்பாவிடம் ஒரு கை உப்பு கேட்டேன். ஈரமாகக் குழைத்த உப்பை ஒரு மூடிய டப்பாவுக்குள் வைத்தால் அதற்குள் இருக்கும் காற்று எப்போதும் ஒரே ஈரத்தில், நூறுக்கு எழுபத்தைந்து என்ற அளவில், நிற்கும். ஆய்வகங்களிலும் மானிகளை இப்படிச் சோதிக்கிறார்கள். இன்று கம்பெனியில் நானும் அதைத்தான் செய்கிறேன், உப்புதான் பாட்டிலில் வருகிறது. காற்று அந்த அளவைத் தாண்டும்போதுதான் உப்பே வியர்க்கத் தொடங்கும். அப்பா குவியலை மூடும் நேரமும், என் முடி எழும்பும் நேரமும் ஒன்றாக இருந்ததன் காரணம் எனக்கு அன்று விளங்கியது. அட்டையை அந்த டப்பாவுக்குள் வைத்தபோது முள் நின்ற இடத்தில் அண்ணி தன் கண்மையால் ஒரு கோடு போட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் உப்புக் கோடு.

மறுநாளிலிருந்து அவர் செய்தது எனக்குத் தோன்றாத ஒன்று. முள்ளைப் பார்ப்பதும், என் தலையைப் பார்ப்பதும், தன் முடியில் ஒரு கற்றையை மெஷினில் இழுத்துவிட்டு அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதுமாக இருந்தார். முள் கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியிருக்கும் காலை வேளையில் இழுத்த கற்றை ராத்திரிவரை நின்றது. கோட்டைத் தாண்டிய நேரத்தில் இழுத்தது டீ ஆறுவதற்குள் சுருண்டது.

அறையைக் காலி செய்ய வேண்டிய வாரம் ஒரு மணப்பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். பாண்டியில் இவர்கள் பேசி வைத்திருந்த பார்லர்காரி கடைசி நேரத்தில் கைவிட்டதால் வேறு வழியில்லாமல் வந்தவர்கள். அன்று சாயங்காலமே பூசை. பெண்ணின் முடி அச்சு அசலாக என் வகை. முந்தைய இரவு மழை பெய்திருந்தது. நான் அட்டையைப் பார்த்தேன். முள் உப்புக் கோட்டைத் தாண்டி மேலே நின்றது.

இந்த ஒரு கல்யாணம் நன்றாக அமைந்தால் கடை இருக்கும். இவர்களைத் திருப்பி அனுப்பினால் கடை இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அண்ணி மெஷினின் பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி அலமாரியில் வைத்தார்.

"இன்னைக்கு நேராக்க முடியாதுங்க. நிக்காது."

பெண்ணின் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காசு குடுக்கறது நாங்க. சொன்னத செய்யேம்மா. ஏற்கெனவே ஒரு பொண்ணுக்கு நீ செஞ்ச கூத்த ஊரே பாத்துச்சு."

"அதனாலதாங்க சொல்றேன். இழுத்து விட்டா கோயில் வாசல் வரைக்கும் நிக்கும். அப்புறம் அந்தப் பொண்ணு மாதிரிதான் இவங்களும் போட்டோவுல நிப்பாங்க. தெரிஞ்சே செய்ய மாட்டேன்."

மணப்பெண் அம்மாவைப் பார்க்கவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அதுல தொங்குறது யாரு முடி?" என்றாள். அண்ணி என்னைக் காட்டினார். அவள் என் தலையைப் பார்த்தாள், கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தாள். "அப்போ எனக்கும் அதேதான் ஆகும், இல்ல?"

"ஆமாம்மா."

"அப்போ சுருட்டையாவே விடுங்க. ஆனா அழகா இருக்கணும்."

"அது என் பொறுப்பு."

அண்ணி சீப்பைக் கீழே வைத்தார். தண்ணீர்ப் புட்டியை எடுத்து முடி முழுவதையும் நனைத்தார். "ஈரத்தோட இன்னைக்கு சண்ட கெடையாது, அதையே வேலைக்கு வச்சுக்கப் போறேன்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். ஜெல் தொட்ட விரலில் ஒவ்வொரு சுருளாகச் சுற்றிச் சுற்றி விட்டார். சுருள்கள் தாமாக உருண்டு திரண்டதும் அவற்றை மேலே தூக்கி, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோர்த்து, அந்தக் கோர்வைக்குள் கிரீடத்தை இறக்கினார். ஊசி மிகக் கொஞ்சம்தான். நேரான முடியில் வழுக்குகிற கிரீடத்தைச் சுருட்டை முடி கையால் பிடித்ததுபோல் பிடித்துக்கொண்டது.

பூசை முடிந்து தம்பதிகள் வெளியே வரும்போது கடல்காற்று சுழற்றி அடித்தது. வலை கொடி மாதிரிப் பறந்தது. மாப்பிள்ளையின் கோட்டு பறந்தது, பாதிரியாரின் அங்கி பறந்தது. கிரீடம் அசையவில்லை. ஈரம் ஏற ஏற அந்தச் சுருள்கள் இன்னும் கொழுகொழுவென்று ஆயின. அதே பாடகர் குழு அக்காதான் கேட்டார்: "ஏண்டி, கிரீடம் ஆணி அடிச்ச மாதிரி நிக்குதே, யாரு போட்டது?" அண்ணி திரும்பிப் பார்க்காமல் என் கையை நகம் பதிய அழுத்தினார். நான் வாழ்க்கையில் வாங்கிய மதிப்பெண்கள் எதுவும் அந்த நகக்குறிக்கு ஈடாகாது.

கடை காலியாகவில்லை. வாசலில் ஒரு சிலேட்டு வந்தது. முள் கீழே இருந்தால் 'இன்று மெஷின் உண்டு', மேலே போனால் 'இன்று சுருட்டை மட்டும்'. பேருந்துக்கு நிற்கிறவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் உப்பளத்துக்காரர்களே சைக்கிளை நிறுத்தி, "ஏம்பா, மெஷின் உண்டா இல்லியா இன்னைக்கு?" என்று பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அப்பா அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அண்ணன் சிலேட்டுக்கு மேல் மழை படாமல் தகரம் அடித்துக் கொடுத்தான். அவன் மன்னிப்புக் கேட்கும் விதம் அது.

என் முடியை அண்ணி நேராக்கியதும் உண்டு. வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு நானே கேட்டேன். "மொதல்ல முள்ளப் பாரு" என்றார். நல்ல மேல்காற்று நாள் அது. இடுப்புவரை தொங்கிய நேர்முடியோடு போய் வந்தேன், அழகாகத்தான் இருந்தது. அவர் அதை ஒரு உடையைப் போல எனக்குப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். நேரான முடிதான் நல்ல முடி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எந்த நாளில் எது நிற்கும் என்பதுதான் அவருடைய கணக்கு.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஒரு டிஜிட்டல் மானி வாங்கிப் போனேன். அட்டைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே சேதியைத்தான் சொல்லின. "இது நல்லாத்தான் இருக்குது. ஆனா கஸ்டமர் கேட்டா இதக் காட்டி என்ன கதை சொல்றது?" என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பி என்னை உட்காரவைத்தார். துண்டு, சீப்பு, வகிடு.

"பாப்பா, மூச்ச விடு."

பிடுங்கினார். எழுந்திருக்கப் போனேன். தோளைப் பிடித்து அழுத்தினார்.

"ஏன் அண்ணி, அறுந்துடுச்சா?"

"அறுந்தா போகும், உன் முடியா?" முடியைத் துண்டின் மேல் படுக்கவைத்தார். அது உடனே தன் வழக்கப்படி சுருண்டுகொண்டது. "பாண்டிப் பக்கம் கோட்டக்குப்பத்துல ஒரு கடை பேசி முடிச்சுட்டேன். உங்கண்ணனுக்குக் கூட இன்னும் சொல்லல. அங்க எல்லார் வீட்டுலயும் துபாய்ல இருந்து கொண்டுவந்த மெஷின் இருக்குது பாப்பா. காத்தப் பாக்குற முள்ளுதான் இல்ல."

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. சீப்பு மறுபடியும் என் உச்சியில் வகிடு தேடிக்கொண்டிருந்தது.

"இந்த வாட்டி ரெண்டு வேணும்" என்றார்.