நைட்டி பார்சலில் என் கதைகளை அனுப்பிய ஜமீலாக்கா

ஜமீலாக்கா இன்று காலை இறந்துவிட்டார்.

அதிகாலை பஜ்ர் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை என்று அவர் மகள் நஸ்ரின் போனில் சொன்னாள். நான் "என்ன சொல்ற... என்ன சொல்ற..." என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னிடம் புத்தகம் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அவர் குரல் தெரியும். முகம் தெரியாது.

வாட்ஸ்அப் குரூப்பில் நைட்டியும் சுடிதாரும் விற்றவர். சொந்த ஊர் லெப்பைக்குடிக்காடு. கணவர் குவைத்தில். பிள்ளைகள் படிப்புக்காகப் பெரம்பலூரில் வாடகை வீடு.

நான் கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, என் புத்தகங்களை நானே அச்சடித்து ஆன்லைனில் விற்கக் கிளம்பிய நேரம் அது. ஒரு வருடம் பார்ப்பேன், ஓடவில்லை என்றால் திரும்ப வேலைக்குப் போய்விடுவேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கட்டிலுக்கு அடியில், பீரோ மேல், எங்கும் புத்தகக் கட்டுகள். ஃபேஸ்புக்கில் லைக் வரும். ஆர்டர் வராது.

ஒரு நாள் கூரியர் ஆபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் ஜமீலாக்கா பெரிய மூட்டையோடு நின்றார். என் கையில் ஒரே ஒரு கவர்.

"ஒண்ணுதானா? என்னங்க அது?"

"புக்குங்க. நான் எழுதினது."

"நீங்களேவா எழுதினீங்க?" கவரை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். "எம் மூட்டையோட போடுங்க. மொத்தமா போட்டா ரேட்டு கம்மி பண்ணுவாரு."

அப்புறம் அவர் வீட்டு ஹாலில்தான் எனக்கும் பேக்கிங். ஒரு பக்கம் நைட்டி, ஒரு பக்கம் என் கதைகள். இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிற கவர்.

மாறாமல் இருக்குமா...

அரியலூர் செல்வியக்காவுக்கு நைட்டிக்குப் பதில் என் சிறுகதைத் தொகுப்பு போய்விட்டது. திருச்சியில் ஒரு ரிட்டயர்டு தமிழ்ப் பேராசிரியருக்குப் பூப்போட்ட எக்ஸ்எல் நைட்டி.

ஜமீலாக்கா சுவரில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார். "சார் போட்டுப் பாத்தாரான்னு கேளுங்க டீச்சர்!"

(பேராசிரியர் அதைத் திருப்பி அனுப்பவில்லை. அவர் மனைவிக்குச் சரியாக இருந்ததாம்.)

செல்வியக்காவுக்கு உடனே ஒரு வாய்ஸ் நோட் போனது. ஜமீலாக்கா டைப் செய்ய மாட்டார். எதுவானாலும் வாய்ஸ்தான்.

"செல்வியக்கா, ஜமீலா பேசுறேன். தப்பு எம் மேலதான். நைட்டி நாளைக்குக் கெளம்பிடும். அந்தப் புக்கத் திருப்பி அனுப்ப வேணாம், நைட்டி வர்ற வரைக்கும் படிச்சிக்கிட்டு இருங்க. மொதக் கதையில ஒரு மாமியா வருது... உங்க வூட்டு மாமியாவ விட மோசம்."

நைட்டி போய்ச் சேர்ந்த அன்றே செல்வியக்காவிடமிருந்து ஆர்டர் வந்தது. தங்கைக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. இரண்டும் புத்தகம்!

அன்றிலிருந்து ஒவ்வொரு துணி பார்சலிலும் என் கதை ஒன்றின் முதல் நாலு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மடித்து வைத்தார். "துணியத் தொட்டுப் பாக்காம எவ வாங்குவா? கதைக்கும் அதான்."

வேப்பந்தட்டையிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும், ஃபேஸ்புக் பக்கமே வராத பெண்கள் "மீதிக் கதை எங்க?" என்று கேட்டு வாங்கினார்கள். நான் வேலைக்குத் திரும்பப் போகவில்லை.

ஆனால் நான் இன்னமும் வியந்து நிற்பது வேறொன்றை நினைத்து.

மகனை இழந்த ஒரு தாயைப் பற்றியது என் நாவல். வாக்குக் கொடுத்த வருடம் முடியப்போகிற சமயம், ஒவ்வொரு பிரதியும் எனக்குப் பெரிது. குரும்பலூரிலிருந்து ஒரு பெண் அதைக் கேட்டாள். அவள் பையன் கிணற்றில் விழுந்து இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ஜமீலாக்கா தரவில்லை.

"இப்ப வேணாம்மா. ஒம் பேரெழுதி எடுத்து வெக்கிறேன். எப்ப வேணுமோ அப்ப கேளு."

எனக்குக் கோபம். "எம் புக்க நீங்களே வேணாங்குறீங்களேக்கா?"

"சைஸ் சேராத துணிய வித்தா அன்னிக்கு மட்டுந்தான் யாவாரம் டீச்சர். அவ இப்ப தாங்க மாட்டா."

அந்தப் பிரதி அவர் ஃபிரிட்ஜ் மேல் காத்திருந்தது. நோன்பு வந்து போனது, மறுபடியும் நோன்பு வந்தது. ஒரு நாள் அந்தப் பெண்ணே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொண்டு போனாள். படித்து முடித்துவிட்டு அனுப்பிய வாய்ஸ் நோட்டில் இரண்டே வார்த்தை. "படிச்சிட்டேன்க்கா. நன்றிக்கா."

அந்த நாவலை எழுதியவள் நான். அது யார் கைக்கு எப்போது போக வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லையே... அவருக்கு எப்படித் தோன்றியது?

என்னையும் குரூப்பில் பேசச் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் பேசுவேன், அழிப்பேன், மறுபடி பேசுவேன், அழிப்பேன்.

"அழிச்சி அழிச்சிப் பேசாதீங்க டீச்சர். திக்குனா திக்கட்டும். ஆளுதான் பேசுதுன்னு தெரிய வேணாமா?"

கடைசிவரை நான் ஒன்றுகூட அனுப்பவில்லை. என் புத்தகங்களுக்கும் அவர் குரல்தான்.

இன்று வீட்டில் முகம் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். ஊருக்கு எடுத்துப்போக வண்டி வந்து நின்றிருந்தது. நஸ்ரின் அம்மாவின் போனை என் கையில் வைத்தாள்.

"குரூப்ல ஆர்டர் வந்துக்கிட்டே இருக்கு டீச்சர். யாருக்கும் தெரியாது. எனக்குப் பேச வரல... நீங்க சொல்லுங்க."

டைப் செய்ய ஆரம்பித்தேன். நிறுத்தினேன். அந்த குரூப்பில் ஒரு நல்லது கெட்டதைக்கூட யாரும் எழுத்தாக வாசித்ததில்லை.

மைக்கை அழுத்தினேன். பெயரைச் சொல்லும்போதே குரல் போய்விட்டது. பின்னால் ஓதுகிற சத்தம், வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், எல்லாம் அதில் பதிந்திருக்கும்.

அழிக்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

திக்கித் திக்கித்தான் பேசினேன் ஜமீலாக்கா.

போயிட்டு வாங்க.