மணைமேல் அக்கா போட்ட தாளம்

அக்கா தாளம் போட்ட பாட்டை நான் கெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கெடுக்கிறோம் என்றே தெரியாமல், சீட்டியடித்துக்கொண்டே கெடுத்தேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேனர் கடையில் எனக்கு டிசைன் வேலை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையைத் தாண்டித்தான் கம்பத்தில் ஏறும். மாப்பிள்ளையின் முகத்தை இரண்டு சுற்று வெளுப்பாக்குவேன், பெண்ணின் கன்னத்தில் இருக்கும் பருவை எடுப்பேன். யாரும் கேட்க வேண்டியதில்லை, கை தானாகச் செய்துவிடும். வீட்டுக்கு வந்தால் கிதார். சொந்தமாக நாலைந்து பாட்டு எழுதி வைத்திருந்தேன். அதில் ஒன்று, வேலை முடிந்து சிங்கவரம் சாலையில் சைக்கிள் மிதித்துப் போகிற ஒருவனைப் பற்றியது. அதற்குக் கிதார் மட்டும் போதவில்லை, அடியில் கனமாக ஒரு தட்டு வேண்டியிருந்தது. மேளம் வைக்க வீட்டில் இடமில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுமையும் இல்லை.

அக்காதான் மணையை எடுத்து வந்தாள். அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது, முகூர்த்தத்தில் உட்கார ஆகும் என்று அம்மா பலா மரத்தில் செய்து வைத்தது. ஏழெட்டு வருடமாகப் பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. அக்கா அதைத் தரையில் போட்டு, மேலே ஏறி நின்று மிதித்துப் பார்த்தாள். நல்ல சத்தம்.

"மணைய மிதிக்காதடி, ஆவாது" என்று அம்மா சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"உக்காரத்தான் ஒருத்தரும் கூப்புடல. சத்தமாவது போட்டுக்கினு இருக்கட்டும்மா" என்றாள் அக்கா.

அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போனாள். நான் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அக்காவின் இடது கால் கொஞ்சம் குட்டை. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து, கட்டுப் போட்ட இடத்தில் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், அவர்கள் வாசலில் செருப்பு கழற்றுவதற்கு முன்பே அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். காபித் தட்டைச் சித்தி எடுத்து வருவாள். விஷயம் தரகர் சொல்லி வந்தவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கும். இருந்தாலும் முதலில் முகம் பிடிக்கட்டும், நடை அப்புறம் தெரியட்டும் என்பது அம்மாவின் நினைப்பு. அதற்காக அம்மாவோடு நான் போடாத சண்டை இல்லை. "அவ எப்படி நடப்பாளோ அப்படியே நடந்து வரட்டும். புடிச்சா பாக்கட்டும், இல்லன்னா போவட்டும்" என்று ஒருமுறை வந்தவர்கள் காதில் விழும்படியே கத்தியிருக்கிறேன். எங்கள் வீட்டில் அக்கா பக்கம் நிற்கிறவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரு பெருமை.

ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திப் பதிவு செய்தோம். கிதாருக்கு முன்னால் மைக். மணைக்குப் பக்கத்தில் துண்டை மடித்து, அதன்மேல் என் செல்போன். முதல் தடவை குரங்கு கூரை ஷீட்டின்மேல் குதித்தது, இரண்டாவது தடவை பஸ் ஹாரன். மூன்றாவது தடவை முழுசாக வந்தது. வலது கால் தொம் என்று விழும், இடது கால் ஒரு இமைப்பொழுது தாமதித்து மெதுவாகத் தக் என்று விழும். கல்யாண போட்டோவில் எப்போதும் கடைசி வரிசைக்குப் போகிறவள், தையல் மெஷினைவிட்டு லேசில் எழுந்திருக்காதவள், அன்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க மணைமேல் நின்றாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு எல்லாப் பதிவையும் ஒன்றாகக் கலந்து மிக்ஸ் செய்ய உட்கார்ந்தேன். குரலையும் கிதாரையும் முடித்துவிட்டுத் தாளத்துக்கு வந்தேன். கம்ப்யூட்டர் திரையில் வலது கால் அடி ஒவ்வொன்றும் தாளக் கோட்டுக்கு நேராக நின்றது. இடது கால் அடி ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டி விழுந்திருந்தது, சத்தத்தின் உயரமும் கம்மி. கை தானாகப் போனது. நல்லதாக ஒரு வலது கால் அடியை வெட்டி, இடது கால் விழுந்த இடத்திலெல்லாம் ஒட்டினேன். தொம், தொம், தொம், தொம். கேட்க நன்றாகவே இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது. உடனே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். தாளம் பிரமாதம், யார் போட்டது என்று சித்தி கேட்டாள். அக்கா என்று நாலு பூப்படத்தோடு பதில் போட்டேன்.

சாயங்காலம் அக்கா மெஷினில் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஆரம்பத்தில் அவள் கால்கள் தரையில் கூடவே தட்டின, பிறகு நின்றுவிட்டன. கடைசிவரை கேட்டுவிட்டுக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

"இதுல என் எடது கால் எங்கடா?"

"டைமிங் கொஞ்சம் தள்ளி இருந்துச்சுக்கா. அதான் சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணிட்டியா" என்றாள். ரவிக்கையை ஊசிக்கு அடியில் நேராக்கினாள். "அம்மாவாவது நாக்காலில உக்காரத்தான் வெச்சாங்க. நீ காலையே மாத்திட்ட."

அவ்வளவுதான். மறுபடி ஓரம் அடிக்க ஆரம்பித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அம்மாவை என்னென்ன கேட்டிருப்பேன்!

இரண்டு நாளில் பழைய பதிவை எடுத்து, ஒரு அடியையும் தொடாமல் கலந்து எடுத்துப் போனேன். "அதான் எல்லாரும் அதக் கேட்டுட்டாங்களே, வுடு" என்று அக்கா ஹெட்போனை வாங்கவே இல்லை. மணை பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. அடுத்த பாட்டுக்குக் கூப்பிட்டபோது கால் வலிக்கிறது என்றாள். பகல் முழுக்க மெஷின் மிதிக்கிறவள். கிதாரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

இப்போதும் செல்போனில் அந்தப் பதிவு இருக்கிறது. பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. மிக்ஸ் செய்தபோது வெறும் வால்தானே என்று கேட்காமலே வெட்டிப் போட்ட பகுதி. பல மாதம் கழித்துத்தான் அதைக் கேட்டேன். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு மணையைவிட்டு இறங்குகிறாள்.

"எடது கால் லேட்டா வுழுதாடா? வேணும்னா இன்னொரு வாட்டி போடறேன்" என்கிறாள்.

"வாணாம்க்கா, அதான் அழகு. அப்படியே வுட்டுடறேன்" என்கிறது என் குரல்.